லேவாதேவி பற்றித் தேடினால்: நான்கு வழிகளின் ஒப்பீடு

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு விரும்பித் தேர்ந்தெடுக்கும் தலைப்புகளில் ஒன்று, பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) நடத்திய லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில். 1930 வாக்கில் அங்கே அவர்கள் போட்டிருந்த முதல் எவ்வளவு என்ற ஒரே கேள்வியை நான்கு வழிகளில் தேடிப் பார்த்தால், ஒவ்வொன்றின் தராதரமும் விளங்கிவிடும்.

கூகுளில் தேடினால் கோடிக் கணக்கில் ஒரு தொகை நொடியில் கிடைக்கும். ஆனால் அது சொந்த முதலா, பிறரிடம் வாங்கிய வைப்பும் சேர்ந்ததா, வெளியே நின்ற கடனா என்று பெரும்பாலான பக்கங்கள் சொல்வதில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை பத்து இருந்தாலும் சாட்சி ஒன்றுதான்.

செயற்கை நுண்ணறிவுச் செயலி இதைவிடச் சரளமாகப் பேசும், ஆபத்தும் அங்கேதான். ஒரு மாணவி அதிலிருந்து எடுத்துவந்த நூற்பட்டியலில், ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் கச்சிதமாக அமைந்த ஒரு நூலை, நாங்கள் தேடிய எந்த நூலகப் பட்டியலிலும் காண முடியவில்லை. தேடுவதற்குரிய சொற்களைக் கேட்டுக்கொள்ள மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: முனைவர் பட்ட ஆய்வேடுகளை இலவசமாகத் தரும் ஷோத்கங்காவும், 2004-இல் தொடங்கிய கூகுள் ஸ்காலரும். ஆய்வேடுகளின் தரம் ஏறுக்குமாறாக இருக்கும் என்பதால், இயல்களைவிட இறுதியிலுள்ள துணைநூற்பட்டியலையே முதலில் புரட்டச் சொல்வேன். இங்கே எழுத்துக்கூட்டல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. ஆங்கிலத்தில் காரைக்குடியை ஒற்றைக் 'கே' இட்டும் இரட்டைக் 'கே' இட்டும் எழுதுகிறார்கள். செட்டி, செட்டியார், நகரத்தார், நாட்டுக்கோட்டை என்று தனித்தனியே தேடாதவர் கண்ணில் பாதி ஏடுகள் படவே படா.

நான்காவது, மூல ஆவணம். 1929-30ஆம் ஆண்டுக்கான பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கையைத் திறந்தால், தொகையோடு அதைக் கணித்த விதத்தையும் சேர்த்துப் படிக்கலாம். தமிழ் அச்சு நூல்களுக்கோ, காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவற்றைக் கொண்டு 1994-இல் உருவான ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. நம் ஊர்ச் சரக்கைப் பார்க்கச் சென்னைக்குப் போகவேண்டியிருப்பது வேறு கதை. நேரம் மிகுதியாகச் செலவாகும் வழி இதுவே, ஆயினும் மதிப்பெண்ணை இதற்குத்தான் போடுவேன்.

இந்த நான்கிலும் அகப்படாதது, சில மாணவர்களின் ஆயா (பாட்டி) வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் கணக்கேடுகளான பேரேடும் ஐந்தொகையும்.