அடிமுறையா ஜியு ஜிட்சுவா, தற்காப்புக்கு எது மக்கா?

அடிமுறைன்னு நம்ம ஊரு தற்காப்புக் கலை இருக்க, குமரி மாவட்டத்துல பொறந்துட்டு ஜியு ஜிட்சுங்கிற பிரேசில்காரன் வித்தைக்கு எதுக்குலே ஓடுகன்னு மாமா கேட்டாரு, கேள்வி நியாயம்தான். தக்கலை பக்கம் ஒரு ஆசான்கிட்ட ஒரு வருசம் அடிமுறை படிச்சேன், சுவடு, அதாவது காலடி, ஒழுங்கா வைக்கவே மாசக்கணக்கு ஆச்சு, ஆனா ஒருத்தன் கை ஓங்குனா விலகி அடிக்குற பழக்கம் உடம்புல ஏறிரும். வர்மம், அதாவது உடம்புல உயிர்நிலைப் புள்ளிகளைத் தாக்குற வித்தை எல்லாம் ஆசான் லேசுல சொல்லித்தரமாட்டாரு, அதை நம்பி சண்டைக்குப் போகாண்டாம்.

ஜியு ஜிட்சுக்கு கீழ விழுந்த பொறவுதான் வேலையே. மேல ஏறி உக்காந்தவனோட ஒரு கையை இறுக்கிப் பிடிச்சு, அதே பக்கத்துக் காலையும் நம்ம காலால பூட்டிட்டு, இடுப்பைத் தூக்கி தோள்பக்கமா உருட்டணும், நம்மளவிட கனமான ஆளும் சரிஞ்சிருவான். ஆரம்ப கிளாஸ்லயே இதைச் சொல்லித்தருவாங்க. முக்கியமா, எதிராளிகூட நெசமாவே மல்லுக்கட்டிப் பாக்கலாம், பிடியில மாட்டுனா அவன் மேல கையால ரெண்டு தட்டு தட்டுனா போதும், விட்டுருவான். 1993ல யுஎஃப்சிங்கிற கலப்புச் சண்டைப் போட்டி முதல்முறை நடந்தப்போ, ஜியு ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசி தன்னைவிட பெரிய ஆளையும் தரையில பிடிபோட்டுத்தான் மடக்குனாரு. ஆனா ரெண்டு பேரு வந்தா கீழ கிடந்து உருள முடியாது, தார் ரோடு ஒண்ணும் பயிற்சி மெத்தை இல்ல பாத்துக்கோங்க.

ஆறு மாசம்தான் டைம்னா, குறிப்பா பொம்பளப் பிள்ளைகளுக்கு, நான் ஜியு ஜிட்சுதான் சொல்லுவேன். வருசக்கணக்குல பொறுமை இருக்கா, அப்போ ஆசான்கிட்ட போங்க.