ஃபுல்லர்ட்டன் ஹோட்டல், சிங்கப்பூர்: தங்காமலும் பார்க்கலாம்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் நிற்கும் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் 400 அறைகளையும் மாலைத் தேநீர் விருந்தையுமே புகழ்கிறார்கள். அவை புகழத்தக்கவையே என்றாலும், அந்த விலை கட்டுப்படியாகாதவர்களும் இந்த இடத்தைத் தவறவிடக் கூடாது; இங்கே முதலில் பார்க்க வேண்டியவை கட்டடமும் அது நிற்கும் மனையுமே.

ஆற்றைக் கடக்கும் கெவனா பாலத்திலிருந்து தொடங்குவது நல்லது. 3 ஹண்ட்ரட்வெயிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 150 கிலோவுக்கு, மேற்பட்ட எடையுள்ள வண்டிகள் பாலத்தில் போகக் கூடாது, மாடுகளும் குதிரைகளும் போகவே கூடாது என்ற பழைய காவல்துறை அறிவிப்புப் பலகை இன்னும் அங்கே இருக்கிறது. பாலத்தைத் தாண்டியதும் பண்டைக் கிரேக்கப் பாணியிலான கனத்த டோரிக் தூண்கள் எதிர்ப்படும். இந்த மனையில் 1829இல் எழுந்த கோட்டைக்கு, நீரிணைக் குடியேற்றங்களின் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்த பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின்) முதல் ஆளுநரான ராபர்ட் ஃபுல்லர்ட்டனின் பெயரை வைத்தார்கள். 1843இல் அக்கோட்டையை விரிவாக்குவதற்காக, ஆற்று முகப்பில் கிடந்த சுமார் 3 மீட்டர் உயரக் கல்வெட்டுப் பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதிலிருந்த எழுத்துகளை இன்றுவரை எவரும் ஐயமற வாசித்ததில்லை. இவ்வளவு பெரிய இழப்புக்குக் காரணமான கோட்டையோ 1873இல் இடிக்கப்பட்டுவிட்டது.

இப்போதைய கட்டடம் 1928இல் திறக்கப்பட்டபோது அதன் முதன்மையான குடியிருப்பாளர் தலைமைத் தபால் நிலையம். கப்பல் தபால் மூட்டைகளைச் சாலைக்கு அடியிலிருந்த சுரங்கப் பாதை வழியாகப் படகுத்துறைக்குக் கொண்டுபோவார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கிகளில், அதாவது தொழிலிடமும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடங்களில், வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தவர்கள். ஊருக்கு அவர்கள் எழுதிய கடிதங்களில் எத்தனை அந்தச் சுரங்கத்தில் போயினவோ! 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்வதற்கு முந்தைய கடைசி நாட்களில் ஆளுநர் ஷென்டன் தாமஸ் தஞ்சமடைந்ததும் இக்கட்டடத்தில்தான். 1958 முதல் 1979 வரை கூரைமேல் ஒரு கலங்கரை விளக்கும் எரிந்தது. கடலைத் தூர்த்து நிலம் எடுத்தபின் கப்பல்கள் தள்ளிப்போக, அதற்கு வேலையில்லாமல் போயிற்று.

தபால் நிலையம் 1996இல் வெளியேறியது. 2001 முதல் இது ஹோட்டல். பழைய கட்டடத்தை ஹோட்டலாக்கும்போது முகப்பை மட்டும் விட்டுவைத்து உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிடுவதுண்டு. இங்கே தபால் நிலையத்தின் நினைவை மறைக்காமல், காட்சிக்கூடத்தில் சிவப்புத் தபால் பெட்டியோடு வைத்திருப்பது நிறைவளிக்கிறது. 2015இல் இதைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்ததும் பொருத்தமே. ஆனால் கல்வெட்டை ஈடுசெய்ய எந்தக் காட்சிக்கூடத்தாலும் இயலாது. எஞ்சிய துண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கிருந்து நடந்தே போகலாம் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிடுங்கள்.