பதின்வயதினருக்கான மனநலச் செயலி: 10 வாரப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

என் மகளுக்கு 17 வயது. பள்ளி இறுதியாண்டில் படிக்கிறாள். சாப்பாட்டுத் தட்டை அறைக்கே எடுத்துச் சென்றுவிடுவதும், இரவில் வெகுநேரம் விழித்திருந்துவிட்டுக் காலையில் எழுப்பினால் எரிந்து விழுவதும் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்ததால், பள்ளியின் உளவியல் ஆலோசகரை அணுகினோம். தன்னிடம் முறை வர 6 வாரங்கள் ஆகும் என்றும், அதுவரை பதின்வயதினருக்கென வந்திருக்கும் இந்தச் செயலியைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றும் அவர் சொன்னார். இதே வார்ப்பில் வேறு பல செயலிகளும் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன். அவள் தன் கைபேசியிலும் நான் என்னுடையதிலும் அதை நிறுவிக்கொண்டோம். இங்கே அவளைப் பற்றி வருபவை அனைத்தும் அவள் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டவை. அவள் நீக்கச் சொன்ன இரண்டு பத்திகள் இதில் இல்லை.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. வாழ்நாளில் தோன்றும் மனநலப் பாதிப்புகளில் ஏறத்தாழப் பாதி 18 வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுகின்றன. ஆகவே, இந்த வயதினரைக் குறிவைத்து வரும் ஒரு கருவியை விளையாட்டுச் செயலியை எடைபோடுவதுபோல எடைபோட முடியாது என்ற எண்ணத்தோடுதான் தொடங்கினேன்.

செயலியின் அமைப்பு எளிமையானது. ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்டு அப்போதைய மனநிலையைப் பதிய வேண்டும். அதற்குக் காரணமாகத் தோன்றுவதை ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு எண்ணங்களை எழுதிப் பார்க்க ஒரு பக்கம், மூச்சுப் பயிற்சிகள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் 9 கேள்விகள், எந்நேரமும் பதில் சொல்லும் ஓர் உரையாடி (சாட்பாட்) ஆகியவை இருக்கின்றன. மூச்சுப் பயிற்சி நன்றாகவே இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

தமிழாக்கம்தான் முதல் நாளே காலை வாரியது. ‘நீங்கள் கீழே உணர்கிறீர்களா?’ என்ற கேள்வியைப் படித்த என் மகள் தரையைக் குனிந்து பார்த்தாள். இதில் சிரித்துவிட்டுப் போக முடியாத ஒன்றும் உண்டு. நம் பிள்ளைகள் ‘எனக்கு மனச்சோர்வு’ என்று சொல்வதில்லை. ‘ஒரு மாதிரி இருக்கு’, ‘எதுவும் பிடிக்கல’, ‘தலை வலிக்குது’ என்றுதான் சொல்கிறார்கள். தலைவலியையும் வயிற்றுவலியையும் மனத்தின் செய்தியாகக் கேட்கத் தெரியாத கருவி, பதின்வயதினர் சொல்வதில் பாதியைத் தவறவிட்டுவிடும்.

இதன் மிகச் சிறந்த பகுதி எண்ணங்களை எழுதும் பக்கம்தான். 1960களில் ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் உருவாக்கிய அறிவாற்றல் சிகிச்சை முறையை அது அடியொற்றுகிறது. நடந்தது என்ன, அப்போது மனத்தில் ஓடியது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, வேறு விளக்கம் இருக்க முடியுமா என்று நான்கு கட்டங்களில் நிரப்பச் சொல்கிறது. தோழி செய்தியைப் பார்த்துவிட்டாள், மூன்று மணி நேரமாகப் பதில் இல்லை. உடனே ‘என்மேல் கோபமாக இருக்கிறாள்’ என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. அதை எழுதி, அந்தத் தோழி அன்று பயண வழியில் இருந்தாள் என்பதை அடுத்த கட்டத்தில் நிரப்பியபோது, தன் மனமே தனக்குப் பொய்ச்சாட்சி சொல்கிறது என்பதை என் மகள் கண்டுகொண்டாள். ஒரு சிறு தவறுக்குத் தன்னை முழுவதுமாக வெறுப்பது, ஒரு தேர்வு போனால் வாழ்க்கையே போயிற்று என்று எண்ணுவது போன்ற பழக்கங்களை இந்தப் பக்கம் பொறுமையாகப் பிடித்துக் காட்டுகிறது. இதற்காக மட்டும் நட்சத்திரம் கொடுப்பதானால் ஐந்தும் கொடுப்பேன்.

ஆனால், நாளுக்கு ஐந்து முறை ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டு மணி அடிப்பது அந்த நன்மையைக் குலைக்கிறது. தன் வருத்தத்தையும் அதன் காரணங்களையும் திரும்பத் திரும்ப மனத்துக்குள் அசைபோடுவது வருத்தத்தை நீட்டிக்கிறது என்பதை சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் பல ஆண்டு ஆய்வில் எடுத்துக்காட்டினார். நன்றாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தவள், மணி ஒலித்ததும் நிறுத்தி, தான் உண்மையில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறாளா என்று யோசித்ததை நான் இரண்டு முறை நேரில் பார்த்தேன். நினைவூட்டலை அணைக்க வழி இருக்கிறது; அமைப்புகளில் நான்காவது பக்கத்தில் இருக்கிறது.

நான்காம் வாரத்தில் நடந்ததுதான் இந்த மதிப்பீட்டை எழுத வைத்தது. அவளோடு படிக்கும் ஏழு பேர் கொண்ட அரட்டைக் குழு ஒன்று திடீரென்று ஓய்ந்துபோயிற்று. மற்ற ஆறு பேரும் தன்னை விட்டுவிட்டு வேறொரு குழு தொடங்கிவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அதை எண்ணப் பக்கத்தில் எழுதினாள். ‘இது பிறர் மனத்தை ஊகிக்கும் எண்ணப் பிழையாக இருக்கலாம்’ என்று செயலி பதில் சொன்னது. ஆதாரமற்ற அந்த எண்ணத்துக்கு மாற்று விளக்கம் ஒன்றை எழுதவும் சொன்னது. அவளும் கெட்டிக்காரப் பிள்ளையாக எழுதினாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், புதிய குழு தொடங்கப்பட்டிருந்தது உண்மை. அவளுடைய எண்ணத்தில் ஒரு பிழையும் இல்லை. ஒதுக்கப்பட்டதை ஒதுக்கப்பட்டதாகவே அவள் புரிந்துகொண்டிருந்தாள். நடந்த அவமானத்தோடு, தன் புத்தியையே சந்தேகிக்கும் நிலையும் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கத்தை அவளாகவே கொண்டுவந்து காட்டியபோது எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை.

குறை இங்கேதான் இருக்கிறது. உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்தே நோயை அறிய வேண்டும் என்று ஜார்ஜ் எங்கெல் என்ற அமெரிக்க மருத்துவர் 1977இல் எழுதினார். இன்று அது மருத்துவ மாணவர்களின் பாலபாடம். பதின்வயதில் சமூகத்தின் எடை இன்னும் கூடுகிறது, ஏனெனில் அந்த வயதில் குடும்பத்தின் மதிப்பைவிடச் சகவயதினரின் மதிப்பு பெரிதாகத் தெரியத் தொடங்குகிறது. உணர்ச்சியைக் கட்டுப்படுத்தவும் திட்டமிடவும் உதவும் மூளையின் முன்பகுதியோ 20களின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அத்தகைய வயதில் ஒருவர் ஒதுக்கப்படும்போது, எண்ணத்தைத் திருத்திக்கொள் என்பது மழையில் நனைகிறவரிடம் ஈரத்தை மறந்துவிடு என்பதற்கு ஒப்பு.

காரணப் பட்டியலைப் பார்த்தால் இந்தக் குறை இன்னும் தெளிவாகும். குடும்பம், நண்பர்கள், படிப்பு, உடற்பயிற்சி, உணவு, வானிலை என்று 12 சொற்கள் அதில் இருக்கின்றன. வானிலைக்கு இடம் இருக்கிறது. பணத்துக்கு இடம் இல்லை. கேலி, அடி, மிரட்டல், பெற்றோரின் சண்டை, வேலையிழந்த தந்தை, நோயுற்ற தாய், நிறத்தையும் உடல்வாகையும் குறித்த பேச்சு, பேருந்தில் நேரும் சீண்டல், வீட்டில் தனக்கென ஓர் அறையோ மூலையோ இல்லாமை ஆகிய எதற்கும் இடம் இல்லை. 1998இல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வு, குழந்தைப் பருவத்தில் வன்முறையும் வீட்டுச் சூழலின் சீர்குலைவும் எத்தனை வகையில் சேர்கின்றனவோ அதற்கேற்பப் பிற்காலத்தில் மனச்சோர்வும் தற்கொலை முயற்சியும் உடல்நோய்களும் கூடுவதைக் காட்டியது. கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்த ஒன்றை, பதின்வயதினருக்கென்றே உருவாக்கிய கருவி கேட்காமல் விடுவதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் 9 கேள்விகள் மனச்சோர்வின் அளவை அறிய மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பி.எச்.க்யூ-9 என்ற படிவமே. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27, 10ஐ எட்டினாலே கவனிக்க வேண்டும். படிவத்தில் குறை இல்லை. முதல் சல்லடையாக அது நன்றாகப் பயன்படுகிறது. அதை வைத்துச் செயலி சொல்லும் அறிவுரையில்தான் குறை. தூக்கம் கெடுகிறது என்று அவள் குறித்தால், ‘இரவு 10 மணிக்கே படுக்கைக்குச் செல்லுங்கள்’ என்கிறது. பதின்பருவத்தில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பே இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. தனிப்பயிற்சி விடியற்காலையில் தொடங்குமானால், ஒரு பக்கம் உடலின் கடிகாரமும் மறுபக்கம் பெரியவர்கள் வகுத்த கால அட்டவணையுமாக அந்தத் தூக்கத்தைக் கத்தரித்துவிடுகின்றன. இதில் பிள்ளையின் ஒழுக்கக்குறைவு எங்கே இருக்கிறது? நாங்கள் விடியற்காலை வகுப்பை மாலைக்கு மாற்றினோம். அந்த ஒரு மாற்றம் செய்த நன்மையைச் செயலியின் எந்தப் பகுதியும் செய்யவில்லை என்று என் மகளே சொல்கிறாள்.

சமூக ஊடகங்களைப் பற்றி ஒரு நீண்ட உபதேசமும் இதில் உண்டு. கைபேசியே எல்லாவற்றுக்கும் காரணம் என்ற தொனியில் அது அமைந்திருக்கிறது. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ ப்ரிஸ்பில்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 2019இல் வெளியிட்ட பெரிய தரவு ஆய்வில், பதின்வயதினரின் நல்வாழ்வில் காணப்படும் வேறுபாட்டில் எண்மத் தொழில்நுட்பப் பயன்பாடு விளக்கியது அதிகபட்சம் 0.4 விழுக்காடு மட்டுமே. அந்தச் சராசரியை வைத்துத் தனி ஒருவருக்குத் தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. நள்ளிரவில் மிரட்டல் செய்தி வரும் பிள்ளைக்கு அந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. எத்தனை மணி நேரம் என்பதோடு நிற்காமல், யாரோடு, எதைப் பார்த்து, எந்தத் தூக்கத்தை விட்டு என்றும் கேட்க வேண்டும் என்பதே என் கட்சி. இத்தனை உபதேசம் செய்யும் செயலி, விடாமல் பதிந்த நாள்களை எண்ணி ஒரு தீச்சுடரை எரிய விடுகிறது. 23ஆம் நாள் பதிய மறந்தபோது சுடர் அணைந்த படத்தைக் காட்டியது. மனநலச் செயலியே ஒரு பிள்ளையைக் குற்றவுணர்ச்சிக்கு ஆளாக்கியதை வேறு எப்படிச் சொல்வது?

உரையாடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1966இல் ஜோசஃப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் உருவாக்கிய எலிசா என்ற நிரல், சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்டே மனிதர்களை உருகவைத்தது. இது அதைவிடப் பலபடி முன்னேறியது, இனிமையாகவும் பேசுகிறது. ஆயினும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய ஒன்பதாம் கேள்விக்கு நான் சோதனையாக ‘சில நாள்கள்’ என்று விடையளித்தபோது, உதவி எண்கள் வருவதற்கு முன் மூன்று திரைகளைக் கடக்க வேண்டியிருந்தது. நடுவில் மூச்சுப் பயிற்சிக்கான அழைப்பு வேறு. 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் இறப்புக்கான முதன்மைக் காரணங்களில் தற்கொலையும் ஒன்றாக இருக்கும் உலகில், அந்த எண்கள் முதல் திரையிலேயே இருந்திருக்க வேண்டும்.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை, 2022இல் மோசில்லா அறக்கட்டளை ஆராய்ந்த 32 மனநல, பிரார்த்தனைச் செயலிகளில் 28க்கு எச்சரிக்கை முத்திரை குத்தப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இந்தச் செயலியின் தனியுரிமைக் கொள்கை பதினான்கு பக்கம். ‘பங்குதாரர்கள்’ யார் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

எனக்கு மிகவும் சங்கடம் தந்த பகுதியைக் கடைசியாக வைத்திருக்கிறேன். குடும்பக் கணக்கு என்ற கூடுதல் வசதியை வாங்கினால், பிள்ளையின் மனநிலை வண்ணப் பட்டைகளாகப் பெற்றோரின் கைபேசிக்கு வந்துவிடும். வாங்கியிருந்தேன். முதல் மாத அறிக்கையில், சோர்ந்த முகத்தோடு மிக அதிகமாகச் சேர்ந்து வந்த சொல் ‘குடும்பம்’. நான் கைபேசியைத் திறக்கும் நேரத்தைப் பார்த்தால் அது புரியும்: ஒவ்வொரு நாளும் இரவு உணவுக்கு முன் பட்டையைப் பார்த்துவிட்டு, சாப்பிடும்போது ‘இன்றைக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த கேள்வி எப்போதும் மதிப்பெண்ணைப் பற்றியது. அவளைக் கண்காணிக்கும் கண் ஒன்று எந்நேரமும் திறந்திருந்தது, அது என்னுடையது. தட்டு ஏன் அறைக்குப் போயிற்று என்பதற்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன். எண்ணங்களை எழுதும் பக்கத்துக்காக, ஆலோசகரின் முறை வரும் வரை கைத்துணையாக வைத்துக்கொள்ளலாம். நினைவூட்டலையும் சுடரையும் முதல் நாளே அணைத்துவிட வேண்டும். கேலிக்கோ வன்முறைக்கோ வறுமைக்கோ ஆளாகியிருக்கும் பிள்ளையின் கையில் இதை மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்குவது தவறு. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் அன்றாடத்தைக் குலைத்தால் நேரில் ஒரு மனநல நிபுணரைப் பார்ப்பதே சரி. காரணப் பட்டியலில் சேர்க்க வேண்டிய சொற்களை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பினேன். ‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்ற தானியங்கிப் பதில் வந்தது. குடும்பக் கணக்கின் சந்தாவை நிறுத்திவிட்டேன். அவள் தன் கணக்கை வைத்திருக்கிறாள். அதில் என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்பதில்லை.