முதலில் பத்தியா, கேள்வியா?

யுபிஎஸ்சி குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட்டில், பத்தியைப் படித்து விடையளிக்கும் கேள்விகளும் உண்டு. மொத்தம் 80 கேள்விகளுக்கு 2 மணி நேரம். தேற 200க்கு 66 வேண்டும். ஒவ்வொரு தவறான விடைக்கும் 0.83 மதிப்பெண் போகும்.

நீளமான பத்தியிலிருந்து மூன்று, நான்கு கேள்விகள் வந்தால் கேள்வியை முதலில் பார்ப்பது கைகொடுக்கும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்திருக்கும். சின்னப் பத்திக்கு அது வீண்வேலை. ‘இதிலிருந்து பெறப்படும் தர்க்கரீதியான அனுமானம் எது?’ என்று ஒரே அச்சில் வரும் கேள்வியை முன்கூட்டிப் படித்து என்ன லாபம்? நான்கு விடைகளையும் சேர்த்துப் படித்தால் இன்னும் மோசம். பொது அறிவுக்குச் சரியாகப் படும் வாக்கியம் மனதில் ஒட்டிக்கொள்ளும். பத்தி சொல்லாததும் சொன்னதாகத் தோன்றும்.

சின்னப் பத்தி என்றால் பத்திதான் முதலில். ‘ஆனால்’, ‘எனவே’ வரும் இடத்தில் கோடிட்டு, மையக்கருத்தை ஒரே வரியில் மனதுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு விடைகளுக்குப் போங்கள். பத்தியில் ‘பல’, விடையில் ‘அனைத்தும்’ என்றிருந்தால் அந்த விடையைத் தயங்காமல் நீக்கிவிடலாம்.