பூஜ்ய எண் கிரிஸ்வோல்ட் சட்டி வாங்குமுன் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்

ஒஹையோவில் நாங்கள் இருக்கும் ஊருக்கு வெளியே மாதம் ஒருமுறை பழம்பொருள் சந்தை கூடும். போன ஆண்டு அங்கே ஒரு கடையில் உள்ளங்கையளவு வார்ப்பிரும்புச் சட்டியைக் கண்டதும் எனக்குக் கால் நகரவில்லை. அடியில் வட்டம், அதற்குள் சிலுவை, சிலுவைக்குள் கிரிஸ்வோல்ட் என்ற பழைய அமெரிக்க வார்ப்பிரும்பு நிறுவனத்தின் பெயர், எரீ என்ற ஊர், 562 என்ற அச்சு எண். கைப்பிடியில் அளவைக் குறிக்கும் எண்ணாகப் பூஜ்யம். கடைக்காரர் 70 டாலர் சொன்னார், 65-க்குப் படிந்தது. கடுகு தாளிக்க இதைவிடப் பொருத்தமாக என்ன கிடைக்கும் என்று வழியெல்லாம் மனைவியிடம் பீற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் மதுரையிலிருந்து வந்திருந்த மாமியார் சட்டியை வாங்கி உள்ளே கட்டைவிரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "நூறு வருஷம் புழங்கிய இரும்பு இப்படியா விரலைப் பிடிக்கும், மாப்பிள்ளை?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. கிரிஸ்வோல்டைப் பற்றி இவருக்கு என்ன தெரியும்?

அவர் சொன்னதுதான் சரி. பென்சில்வேனியாவின் எரீ நகரில் 1957 வரை இயங்கிய அந்த வார்ப்பாலையில் நுண்ணிய மணலில் வார்த்து, சட்டியின் உள்பக்கத்தை வழவழப்பாகத் தேய்த்தே வெளியே அனுப்புவார்கள். என்னுடையதோ உப்புத்தாள் போல இருந்தது. தாளித்த கடுகு நாலைந்து அந்தச் சொரசொரப்பில் சிக்கிக் கருகிவிட்டது.

அதன் பிறகுதான் பழைய சட்டிகள் சேர்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்காமல் தன்னுடைய பூஜ்யத்தை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். அவருடையதில் எழுத்தின் ஓரங்கள் உளியால் செதுக்கியதுபோல நின்றன. என்னுடையதில் எல்லா எழுத்தும் மழையில் நனைந்த சோப்புப் போல ஊதியிருந்தது. போலி செய்பவர்கள் அசல் சட்டியையே மணலில் அழுத்தி அச்செடுத்து வார்க்கிறார்களாம். பெயரும் எண்ணும் கூலியில்லாமல் கூடவே வந்துவிடும். ஆனால் வார்த்த இரும்பு உறைந்து ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு போலச் சுருங்கும். ஆகவே நகல் எப்போதும் அசலைவிடச் சற்றுச் சிறியது. இந்த அளவுச் சட்டியில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாது, அளவுகோல் வேண்டும். கனமோ கையில் தூக்கியதுமே தெரிந்தது. என்னுடைய சட்டியின் சுவர் தடித்திருந்தது. விளிம்பில் அரவைக் கல் இழுத்த முரட்டுக் கோடுகள் வேறு.

துருவைக் கண்டும் ஏமாந்தேன். ஆரஞ்சு நிறத்தில் ஒரே சீராகப் பூத்து, தொட்டால் விரலில் ஒட்டுவது புதுத் துரு. உப்புத் தண்ணீர் இருந்தால் சில நாளில் வரவழைத்துவிடலாம். பழைய துரு கறுத்துத் திட்டுத்திட்டாக இருக்கும்.

எட்டாம் எண் சாதாரணச் சட்டி என்றால் இவ்வளவு பயம் வேண்டாம். ஏராளமாக வார்த்தார்கள், இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அதைப் போலியாகச் செய்தால் கரிச்செலவுக்குக்கூடத் தேறாது. பூஜ்யம் போன்ற விளையாட்டுச் சாமான் அளவுகளிலும் அரிய முத்திரைகளிலும்தான் ஆபத்து. இன்னொன்று: அசலாகவே இருந்தாலும் யாராவது அதில் தூண்டில் குண்டுக்கு ஈயம் உருக்கியிருக்கலாம். ஈயச் சோதனை செய்யாமல் அடுப்பில் ஏற்றாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "கிரிஸ்வோல்ட் என்று சட்டியில்தான் எழுதியிருக்கிறது, நான் சொல்லவில்லையே" என்றார் கடைக்காரர். விலைச்சீட்டைப் பார்த்தேன், உண்மையிலேயே 'பழைய சிறு சட்டி' என்று மட்டும்தான் இருந்தது.

இந்த மாதம் மறுபடி அந்தப் பக்கம் போனேன். அதே மேசையில் இன்னொரு பூஜ்யம். கவிழ்த்துப் பார்த்தேன். பெயரின் முதல் எழுத்துக்கு அருகே என் சட்டியில் கடுகளவு ஒரு பள்ளம் உண்டு. இதிலும் அதே இடத்தில் அதே பள்ளம். விலை 80 டாலர்.