ஏப்ரம்ஸும் ஒன்பதாம் வகுப்பு ஆகுபெயரும்

எனக்கு 41 வயது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள், போன ஆண்டு எந்தத் துணிச்சலிலோ தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்துவிட்டேன். கவிதையும் நாடகமும் பயமுறுத்தவில்லை. அவற்றைப் பற்றிப் பேசும் கலைச்சொற்கள்தான் பயமுறுத்தின. முதல் பருவத்துக்குக் கைடு ஒன்று வாங்கினேன். சொல்லுக்கு ஒரு வரி வீதம் விளக்கம் போட்டிருந்தார்கள். ஒன்றின் பெயரை இன்னொன்றுக்கு ஆக்கிச் சொல்லும் மெட்டானிமி, சினெக்டகி இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே வரி. தேர்வில் ஒன்றை எழுத வேண்டிய இடத்தில் மற்றதை எழுதிவிட்டு வந்தேன்.

அதன் பிறகுதான் இலக்கியக் கலைச்சொற்களை விளக்கும் எம். எச். ஏப்ரம்ஸின் 'எ குளோசரி ஆஃப் லிட்டரரி டெர்ம்ஸ்' கைக்கு வந்தது. பழைய புத்தகக்கடையில் 180 ரூபாய். 1999இல் வந்த ஏழாம் பதிப்பு. எனக்கு முன் வைத்திருந்தவர் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருக்கிறார். ஆங்கில எழுத்து வரிசையில் 'சி' வரை கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. அதற்குப் பிறகு ஒரு புள்ளிகூட இல்லை. எங்கே கைவிட்டார் என்று துல்லியமாகத் தெரிகிறது. வரிசையாகப் படித்ததுதான் அவர் செய்த தவறு.

பெயர்தான் அகராதி மாதிரி. உள்ளே இருப்பவை கட்டுரைகள். சினெக்டகி தனியாக நிற்காது. உருவக மொழியைப் பற்றிய ஒரே கட்டுரைக்குள் உவமை, உருவகம், மெட்டானிமி எல்லாவற்றோடும் சேர்ந்து வரும். எனவே கடைசியில் இருக்கும் சொல்லடைவைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். அதே அடைவில், வாய் தடுக்கும் சொற்களுக்கு உச்சரிப்பும் தந்திருக்கிறார்கள். நான் ஒரு பருவம் முழுக்க 'சினெக்டோச்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள்.

எனக்குப் பிடிபட்டது அந்தக் கட்டுரையில்தான். மில்டனின் எழுத்தைப் படித்தவர் 'மில்டனைப் படித்தேன்' என்பார், அது மெட்டானிமி. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'திருவள்ளுவரைப் படித்தேன்' என்று ஒன்பதாம் வகுப்பில் தமிழம்மா கரும்பலகையில் எழுதிய கருத்தாவாகுபெயர் அல்லவா இது! பத்து தொழிலாளர்களைப் 'பத்து கைகள்' என்பது சினெக்டகி. நம் ஊரில் கைக்குப் பதில் தலை: 'தலைக்கு ஐம்பது ரூபாய்' என்றால், உறுப்பின் பெயர் ஆளுக்கு ஆகிவரும் சினையாகுபெயர். ஆகுபெயர் என்று நாம் பதினாறு வகையாகப் பிரித்து மனப்பாடம் செய்ததை இவர்கள் இரண்டு மூன்று பெயரில் அடக்கிவிடுகிறார்கள். இது தெரியாமலா தேர்வில் மாற்றி எழுதினேன் என்று என் மேலேயே கோபம் வந்தது.

எல்லாமே இப்படிப் பொருந்திவிடும் என்று நம்பிவிடவும் கூடாது. உயிரில்லாதவற்றுக்கும் இயற்கைக்கும் மனித உணர்ச்சியை ஏற்றிச் சொல்லும் 'பாத்தெட்டிக் ஃபாலசி' என்ற சொல்லைப் பார்த்ததும், மதுரைக்குள் வர வேண்டாம் என்று கோவலனுக்குக் கைகாட்டும் சிலப்பதிகார மதிற்கொடிகள் நினைவுக்கு வந்தன. தற்குறிப்பேற்ற அணி என்று ஓரத்தில் எழுதிவைத்தேன், பிறகு அடித்தேன். நமக்கு அது அணி, கவிதைக்கு அழகு. 1856இல் அந்த ஆங்கிலச் சொல்லைப் படைத்த விமர்சகர் ரஸ்கினோ அதைக் குறையாகச் சொன்னார். கடல் நுரைக்குக் கொடூரமும் கிடையாது, அது ஊர்ந்து வருவதும் கிடையாது என்பது அவர் கட்சி. இன்று அந்தச் சொல்லைப் பெரும்பாலும் திட்டாகப் பயன்படுத்துவதில்லை. ஒரு சொல்லின் பின்னால் இருக்கும் இந்தச் சண்டையை ஒரு வரி விளக்கம் எப்படிச் சொல்லும்?

யாப்புப் பகுதி மட்டும் என்னை ஒரு மாதம் அலைக்கழித்தது. நாம் குறில், நெடில், ஒற்று பார்த்து நேர், நிரை என்று அசை பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் எந்த அசையில் குரல் அழுந்துகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்க் காதுக்கு அது எளிதில் கேட்பதில்லை. அழுந்தாத அசையும் அழுந்தும் அசையும் மாறி மாறி வரும் ஐயாம்பிக் நடைக்கு ஏப்ரம்ஸ் தரும் எடுத்துக்காட்டு தாமஸ் கிரேயின் இரங்கற்பா முதல் அடி. 'தி கர்ஃப்யூ டோல்ஸ் தி நெல் ஆஃப் பார்ட்டிங் டே' என்று சொல்லியபடி தோசைக்கரண்டியால் மேடையில் தட்டிப் பார்த்தேன்: கர், டோல்ஸ், நெல், பார்ட், டே. ஐந்து தட்டு. "எந்த நெல், அம்மா? பொன்னியா?" என்றாள் மகள். சாவு மணி என்றேன். பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் இது என்ன பேச்சு என்று மாமியார் முறைத்தார்.

குறை சொல்வதென்றால், கோட்பாட்டுக் கட்டுரைகள் கனம். எந்த எழுத்துக்கும் நிலையான ஒரே பொருள் கிடையாது என்னும் கட்டுடைப்பைப் பற்றியதை மூன்று முறை எடுத்தேன். மூன்று முறையும் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன். ஏப்ரம்ஸ் அந்தக் கோட்பாட்டை வெளியே எதிர்த்து வாதாடியவர். ஆனாலும் புத்தகத்தில் எதிர்க்கட்சிக்கு உரிய இடத்தை ஒழுங்காகவே கொடுத்திருக்கிறார். அதை மதிக்கிறேன். புரிந்தது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

1957இல் முதல் பதிப்பு வந்தது. ஏப்ரம்ஸ் 2015இல் தமது 102ஆம் வயதில் மறைந்தார். பிந்தைய பதிப்புகளில் ஜெஃப்ரி கால்ட் ஹார்ஃபமும் சேர்ந்துகொண்டார். புதிதுதான் வேண்டும் என்று காத்திருக்காதீர்கள்; யாப்பும் அணியும் பழைய பதிப்பிலும் அதேதான். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கு நாளை மறுநாள் போகிறவர்களுக்கு இது உதவாது; ஆறு மாதம் கையில் இருந்தால் வாங்குங்கள், பக்கத்தில் பள்ளித் தமிழ் இலக்கணப் புத்தகம் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பிரதியை மட்டும் இரவல் கேட்க வேண்டாம். பென்சில் கோடுகள் இப்போது 'எஸ்' வரை வந்திருக்கின்றன.