உருமாறும் கதைகள்: துருக்கியும் ஈரானும்

துருக்கிக் கதைகளில் உருமாறுவது பெரும்பாலும் போட்டிக்காக. ‘அலி ஜெங்கிஸ்’ கதையின் ஒரு வடிவத்தில் சீடன் தினையாகச் சிதறுகிறான். மந்திரவாதி குரு சேவலாகிக் கொத்தித் தின்கிறான். அரசனின் காலடியில் தப்பிய ஒற்றை மணி மனிதனாக எழுந்து, சேவலின் கழுத்தைத் திருகிவிடுகிறது! மகான்களும் விலக்கல்ல: 13ஆம் நூற்றாண்டு ஹாஜி பெக்தாஷ் புறாவாகப் பறந்து வந்தாராம், எதிர்க்க வந்தவர் பருந்தாக.

ஈரானில் அது அதிகமும் ஏமாற்று வேலை. ‘ஷாநாமா’ என்ற பாரசீகக் காவியத்தில் அக்வான் என்ற அசுரன் பொன்னிறக் காட்டுக்கழுதையாக வந்து மாவீரன் ருஸ்தமை அலைக்கழிக்கிறான், அழகி வேடமிட்ட சூனியக்காரி, கடவுள் பெயர் கேட்டதும் முகம் கருத்துப்போகிறாள். அரசன் ஃபரீதூன் மட்டும் வேறு ரகம்: மகன்களின் துணிச்சலைச் சோதிக்க டிராகனாகிறான்.

பழத்திலிருந்து பிறக்கும் பெண் கதை இரு நாட்டுக்கும் பொது. சுவாரஸ்யம் என்று பார்த்தால் என் ஓட்டு தினை மணிக்கே.